பொன்னிறக் கல்லின் முகமும் முதுகும்

இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் வட்டாரத்தில், ஏவன் ஆறு வளைந்தோடும் பள்ளத்தாக்கில் அமைந்தது பாத் நகரம். அவ்வூரின் பெயருக்குக் குளியல் என்பதே பொருள். இலண்டனின் பாடிங்டன் நிலையத்தில் புகைவண்டி ஏறுவோர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அங்குச் சென்றடைவர். புரூனெல் என்னும் பொறியாளர் அமைத்த இருப்புப்பாதையில் 1840ஆம் ஆண்டு திறக்கப்பட்டது அவ்வூர் நிலையம். அதைவிட்டு வெளியே வரும் பயணியின் கண்ணில் முதலிற் படுவது எந்தத் தனிக் கட்டடமும் அன்று, ஊரின் நிறமே. கோயிலும் கடையும் வீடும் பாலமும் ஒரே வகைக் கல்லால் ஆனவை. காலை வெயிலில் வெண்ணெய் நிறமும் மாலையில் தேன் நிறமும் மழை நனைத்தபோது ஈரமண் நிறமுமாக அக்கல் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்நகரின் அழகைப் போற்றியோர் மிகப் பலர். அவ்வழகு யாருடைய கையால், எவருடைய பணத்தால், எவற்றைப் பின்னே மறைத்து எழுந்தது என்று கேட்டோர் சிலரே. கட்டடக்கலையின் வரலாற்றைத் தூண்களின் வரலாறாக மட்டும் எழுதினால் பாத் நகரம் பாதிதான் விளங்கும். மற்றப் பாதி அத்தூண்களுக்குப் பின்னால் இருக்கிறது.

வெந்நீர் ஊற்று

நகரத்திற்கு மூலம் அதன் வெந்நீர் ஊற்று. மென்டிப் குன்றுகளில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, நிலத்தின் ஆழத்தில் இறங்கிச் சூடேறி, சுண்ணாம்புப் பாறையின் பிளவு வழியே இங்கு மேலெழுகிறது என்பர். ஏறத்தாழ 46 பாகை வெப்பமுள்ள நீர், நாளொன்றுக்குப் பத்து இலட்சம் லிட்டருக்கு மேல், இன்றும் ஊறிக்கொண்டிருக்கிறது. பிளாடுட் என்னும் இளவரசன் தொழுநோயால் நாடு நீங்கிப் பன்றி மேய்த்தான். அப்பன்றிகள் சூடான சேற்றில் புரண்டு தோல்நோய் நீங்கியதைக் கண்டான். தானும் மூழ்கி நலம் பெற்று, அரசனாகி, அவ்விடத்தில் ஊர் அமைத்தான். இஃது அவ்வூர்த் தலபுராணம். வரலாற்றுச் சான்று இதற்கு இல்லை. ஆயினும் இப்பன்றிக் கதை பின்னர் ஒரு பெருங்கட்டடத்தின் உச்சியில் இடம்பெறப் போவதால் இதனை நினைவில் கொள்ளுதல் நன்று.

கி.பி. 43இல் பிரித்தானியத் தீவில் கால் வைத்த உரோமானியர், அந்நூற்றாண்டு முடியுமுன்பே இங்குக் கோயிலும் நீராடு மண்டபங்களும் எழுப்பினர். உள்ளூர்த் தெய்வமாகிய சூலிஸ் என்பவளைத் தம் மினர்வாவோடு இணைத்துச் சூலிஸ் மினர்வா என்று வழிபட்டனர். வென்றவரின் தெய்வப் பெயருக்கு முன்னே தோற்றவரின் தெய்வப் பெயர் நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அத்தெய்வத்தின் பொன்முலாம் பூசிய வெண்கலத் தலையை, 1727ஆம் ஆண்டு ஸ்டால் தெருவில் கழிவுநீர் வாய்க்கால் தோண்டிய தொழிலாளர் கண்டெடுத்தனர். இன்று காட்சியகத்தின் தலைசிறந்த பொருள் அதுவே.

அத்தலையைவிட மனத்தைத் தொடுபவை அங்குள்ள சாபத் தகடுகள். ஈயம் கலந்த மெல்லிய தகடுகளில் எழுதிச் சுருட்டி ஊற்றில் எறியப்பட்டவை. நூற்றுக்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. மேலாடை களவு போயிற்று, கையுறை களவு போயிற்று, சில காசு களவு போயிற்று, எடுத்தவன் ஆணாயினும் பெண்ணாயினும் அடிமையாயினும் அவனை விடாதே என்று தெய்வத்திடம் முறையிடும் எளிய மக்களின் எழுத்துகள் அவை. பளிங்கிலும் வெண்கலத்திலும் பேசிய உரோம வல்லரசில், தம் பெயரையும் தம் இழப்பையும் தாமே எழுதிவைக்கும் வாய்ப்பு எளியோர்க்கு இத்தகட்டில்தான் வாய்த்தது. 2014இல் யுனெஸ்கோவின் உலக நினைவுத் திட்டத்தின் பிரித்தானியப் பட்டியலில் இவை சேர்க்கப்பட்டன.

ஐந்தாம் நூற்றாண்டில் உரோமானியர் நீங்கினர். மண்டபங்கள் சரிந்தன, சேறு மூடியது. 577இல் சாக்சானியர் நகரைக் கைப்பற்றியபோது அவர்கள் கண்டது பாழூரே. அச்சிதைவைக் கண்டு மனம் நைந்த ஒரு பழங்கவிஞனின் பாட்டு, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த எக்ஸிட்டர் சுவடியில் காணப்படுகிறது. 'பாழ்' என்று அதற்குப் பின்னாளில் பெயரிட்டனர். இடிந்த சுவரையும் விழுந்த கூரையையும் வெந்நீர்க் குளத்தையும் அது சொல்வதால், பாடப்பட்ட ஊர் பாத் நகரமே என்று அறிஞர் பலர் கருதுவர். புறத்திணையில் கையறுநிலை பயின்றவர்க்கு அப்பாட்டின் குரல் அயலாகத் தோன்றாது. ஆனால் ஒரு வேறுபாடு: இங்கே புலவன் இழந்தது தன் புரவலனை அன்று, யாரென்று அறியாத தச்சர்களை. சுவடியைத் தீ தீண்டியதால் பாட்டின் வரிகளும் ஆங்காங்கே கருகிப்போயின. பாழைப் பாடிய பாட்டே பாழ்பட்டு நிற்கிறது.

இடைக்கால வரலாற்றில் நீண்டு தங்கவேண்டியதில்லை. 973இல் எட்கர் மன்னன் இங்குள்ள துறவிமடக் கோயிலில் முடிசூட்டப்பட்டான். பிற்கால ஆங்கில முடிசூட்டு முறைக்கு அதுவே அடிப்படையாயிற்று. இன்று காணப்படும் பெருங்கோயிலை 1499இல் ஆலிவர் கிங் என்னும் ஆயர் தொடங்கினார். விண்ணுக்கு ஏணி வைத்துத் தேவதூதர் ஏறி இறங்கியதாக அவர் கண்ட கனவு, மேற்கு முகப்பின் இருபுறமும் கல்லேணிகளாகச் செதுக்கப்பட்டுள்ளது. தலைகீழாக இறங்கும் தூதர் சிலரும் அவ்வேணியில் உண்டு. 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆணையால் மடம் கலைக்கப்பட்டு, கூரை ஈயமும் கண்ணாடியும் மணிகளும் விற்கப்பட்டன. கோயில் பல ஆண்டுகள் கூரையின்றிக் கிடந்தது.

மூவர் எழுப்பிய நகரம்

பயணி இன்று காணும் பாத் நகரம் 18ஆம் நூற்றாண்டின் படைப்பு. 1702லும் 1703லும் ஆன் அரசியார் நோய் தீர நீராட வந்தார். அரசியைப் பின்பற்றி உயர்குடியினர் வந்தனர். அவர்களைப் பின்பற்றிச் சூதாடிகளும் வந்தனர். அச்சூதாடிகளில் ஒருவராக வந்தவர்தாம் ரிச்சர்டு நாஷ். சில காலத்திற்குள் நகரின் விழா நெறியாளராகி, ஐம்பதாண்டுக்கு மேல் முடிசூடா மன்னராய் விளங்கினார். ஆடவர் வாள் அணிந்து அவைக்கு வருவதை அவர் தடுத்தார். பல்லக்குத் தூக்குவோரின் அடாவடியை அடக்கினார். எவ்வளவு பெரிய கோமகனாயினும் ஆட்டம் முடியவேண்டிய நேரத்தில் முடிந்தாக வேண்டும் என்று விதித்தார். சூதாட்டத்தை ஒடுக்கிய 1739, 1745ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவர் வருவாயை அறுத்தன. 1761இல் வறுமையில் இறந்த அவருக்கு நகரவை பெருஞ்சிறப்போடு இறுதிக்கடன் செய்தது. இருக்கும்போது கைவிட்டு, இறந்தபின் மாலையிடும் வழக்கம் ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று.

இரண்டாமவர் ரால்ஃப் ஆலன். கார்ன்வால் பகுதியிலிருந்து வந்து 1712இல் பாத் நகர அஞ்சல் தலைவரானார்; நாட்டின் குறுக்கஞ்சல் வழிகளை 1720இல் குத்தகைக்கு எடுத்துப் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு நகருக்குத் தெற்கிலுள்ள கூம் டவுன் மேட்டின் கற்சுரங்கங்களை வாங்கினார். அக்கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல். எத்திசையில் அறுத்தாலும் அடுக்குப் பிளவாது. சுரங்கத்திலிருந்து எடுத்தவுடன் மென்மையாயிருந்து, காற்றுப் பட்டு உறுதிப்படும். 1731இல் மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரை மரத்தண்டவாளம் அமைத்தார் ஆலன். கல்லேற்றிய வண்டிகள் தம் எடையாலேயே சரிவில் இறங்கின. அங்கிருந்து படகேறிப் பிரிஸ்டல் சென்றன. இலண்டன் கட்டடக்காரர் அக்கல்லை இகழ்ந்தனர். அவர்களுக்கு மறுமொழியாகவே, பிரையர் பார்க் என்னும் மாளிகையை மேட்டுச்சரிவில் முழுவதும் அக்கல்லால் எழுப்பினார் ஆலன். வணிகர் தம் சரக்குக்கு எழுப்பிய விளம்பரங்களில் அதனினும் அழகியது வேறு உண்டா என்பது ஐயமே. தம் கல்வினைஞர்க்கு அவர் கட்டுவித்த வரிசை வீடுகளும் இன்றுவரை நிற்கின்றன. மாளிகையைக் காணச் செல்வோர் அவற்றையும் காண்பது நலம்.

மூன்றாமவர் ஜான் உட். 1704இல் பாத் நகரிலேயே ஒரு கட்டடத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பிளாடுட் கதையை வரலாறு என்றே நம்பியவர். தம் ஊர் பழம் துரூயிட் பூசாரிகளின் தலைநகரம் என்று நூலெழுதியவர். ஸ்டோன்ஹெஞ்சு பெருங்கற்களை நேரிற் சென்று அளந்தவர். ஆய்வாளராக அவர் முடிவுகள் நிலைக்கவில்லை. ஆனால் தவறான வரலாற்றிலிருந்து சரியான கட்டடம் பிறக்க முடியும் என்பதற்கு அவரே சான்று.

1725 அளவில் பேரவை, பெருவட்டம் என்று உரோமப் பெயர்களோடு நகருக்கு ஒரு திட்டம் வகுத்தார் உட். நகரவை ஏற்கவில்லை. அவர் தாமே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். 1728இல் தொடங்கிய குயின் சதுக்கத்தில் அவர் கையாண்ட முறை பின்னர் நகரம் முழுவதற்கும் விதியாயிற்று. நிலத்தை நீண்ட காலக் குத்தகைக்கு எடுப்பது; முகப்பைத் தாமே வரைவது; மனைகளைச் சிறு கட்டடக்காரர்க்குப் பிரித்துக் கொடுப்பது; முகப்பு வரைபடத்தை அணுவளவும் மீறலாகாது என்று ஒப்பந்தம் எழுதுவது. முகப்புக்குப் பின்னால் அறைகளை எப்படி வேண்டுமானாலும் அவரவர் அமைத்துக் கொள்ளலாம். இவ்வாறு சதுக்கத்தின் வடபுறத்தில் ஏழு தனி வீடுகள், நடுவே முக்கோண முகடு தாங்கி, ஒரே அரண்மனை போல் நின்றன. யாப்பு அறிந்தோர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. சீரும் தளையும் பொது, பொருள் அவரவருடையது.

வட்டமும் பிறையும்

குயின் சதுக்கத்திலிருந்து கே தெருவின் ஏற்றத்தில் ஏறிச் சென்றால் வருவது சர்க்கஸ். விலங்காட்டும் கூடாரம் அன்று. வட்டம் என்பதே இங்குச் சொல்லின் பொருள். 1754இல் முதற்கல் நாட்டப்பட்டது. சில மாதங்களில் உட் இறந்தார். அதே பெயருடைய மகன் 1768இல் முடித்தார். மூன்று வில்வளைவுகளாக 33 வீடுகள் வட்டமாக நிற்கின்றன. வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 318 அடி. ஸ்டோன்ஹெஞ்சின் அளவை ஒட்டியது இது என்பர். கீழ்த்தளத்தில் டோரிக், நடுத்தளத்தில் அயானிக், மேல்தளத்தில் கொரிந்தியன் என மூவகைத் தூண்களும் இணை இணையாக அடுக்கப்பட்டுள்ளன. கீழ்த்தளத் தூண்களின் மேலுள்ள பட்டையில் பாம்பு, இசைக்கருவி, கப்பற் கருவி, கலைகளின் சின்னம் என ஐந்நூறுக்கு மேற்பட்ட சிற்பங்கள். உச்சியின் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் கல்லாலான ஓக் விதைகள். பிளாடுடின் பன்றிகளுக்கு அந்த ஓக் விதையே உணவு. உரோமானியக் கட்டட ஒழுங்கின் மீது உள்ளூர்த் தலபுராணம் ஏறி அமர்ந்துள்ளது. முதலில் அவ்வட்டத்தின் நடுவில் வெறுங்கல் தளமே இருந்தது. இன்று அங்கு நிற்கும் பெருமரங்கள் நிழலுக்கு நல்லவை. ஆனால் வட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் காண அவை இடம் கொடுப்பதில்லை.

இவ்வட்டத்தில் தமிழ் நிலத்தோடு தொடர்புடைய ஒரு வீடும் உண்டு. 1744இல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னையில் வந்திறங்கி, 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்து முற்றுகையைத் தாங்கிப் பெயர் பெற்ற ராபர்ட் கிளைவ், தம் வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1774இல் 14ஆம் எண் வீட்டில் தங்கினார். அவ்வாண்டு நவம்பரில் இலண்டனில் இறந்தார். நவாபு என்னும் சொல் ஆங்கிலத்தில் 'நேபாபு' எனத் திரிந்து, இந்தியாவிலிருந்து பெருஞ்செல்வத்தோடு மீண்டவர்களைக் குறிக்கும் ஏளனப் பெயராக வழங்கிய காலம் அது. மூன்று வீடு தள்ளி, 17ஆம் எண்ணில், ஓவியர் கெயின்ஸ்பரோ வாழ்ந்தார். செல்வர் தம் உருவத்தை எழுதுவிக்க அங்கு வரிசையாய் வந்தனர்.

வட்டத்திலிருந்து புரோக் தெரு வழியே நடக்கும் பயணிக்கு, தெரு முடியும்வரை எதுவும் தெரியாது. மூலை திரும்பியதும் நிலம் விரிந்து, வானம் விரிந்து, ராயல் கிரசென்ட் என்னும் அரசப்பிறை முழுவதும் ஒரே வீச்சில் கண்ணெதிரே வளைந்து நிற்கும். மகன் உட் 1767 முதல் 1775 வரை எழுப்பியது. 30 வீடுகள், 114 அயானிக் தூண்கள், நீளம் ஏறத்தாழ 500 அடி. அணியற்ற கீழ்த்தளத்தின் மீது இருதள உயரத்திற்குத் தூண்கள் எழுகின்றன. எதிரே புல்வெளி சரிந்து இறங்குகிறது. மேயும் கால்நடை வீட்டருகே வாராமலும், அதைத் தடுக்கும் சுவர் வீட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கப் புல்வெளியின் குறுக்கே ஒரு மறைபள்ளம் வெட்டப்பட்டுள்ளது. மாடு காட்சிக்கு வேண்டும், அண்மைக்கு வேண்டா என்பது அக்காலத்துச் செல்வர் சுவை. இப்பிறையின் 11ஆம் எண் வீட்டிலிருந்துதான் 1772இல் பாடகி எலிசபெத் லின்லி, நாடக ஆசிரியராகப் பின்னர் புகழ் பெற்ற ஷெரிடனோடு வீட்டைவிட்டு நீங்கினார்.

இனிப் பயணி செய்யவேண்டியது ஒன்று, பெரும்பாலோர் செய்யாதது. பிறையைச் சுற்றிக்கொண்டு அதன் பின்புறச் சந்துக்குச் செல்லவேண்டும். அங்கே ஒழுங்கு இல்லை. ஒரு வீடு நீண்டும் ஒரு வீடு குறுகியும், ஒன்றின் சாளரம் மற்றதன் சாளரத்தோடு உயரம் ஒவ்வாமலும், மாடிப்படிப் புடைப்புகளும் குழாய்களும் பிற்காலச் சேர்க்கைகளும் நெருங்கி நிற்கும். முன்புறம் இழைத்துப் பொருத்திய கல். பின்புறம் கரடுமுரடான உடைகல். முன்னே ஆன் அரசி, பின்னே வீட்டு வேலைக்காரி என்று ஆங்கிலேயரே இதனைக் கேலியாகக் கூறுவர்.

அக்கேலியில் ஓர் உண்மை உண்டு. இவ்வீடுகள் இயங்கியது வேலையாட்களால். தெரு, இயற்கை நிலத்தின் மீது போடப்பட்டதன்று. வளைவறைகளின் மீது உயர்த்தப்பட்டது. அவ்வறைகளில் நிலக்கரி, அவற்றை அடுத்துத் தெருமட்டத்திற்குக் கீழே சமையலறை. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத சிறு மாடங்களில் பணிப்பெண்கள் உறங்கினர். நகரின் தாழ்ந்த பகுதியில், ஏவன் தெருவை ஒட்டி, பல்லக்குத் தூக்கிகளும் சலவைப் பெண்களும் கூலிகளும் நெருங்கி வாழ்ந்தனர். ஆறு பெருகியபோதெல்லாம் முதலில் வெள்ளம் புகுந்தது அங்கேதான். 1832இல் காலரா பரவியபோது மிகுதியாய் மடிந்தவர்களும் அத்தெருவினரே. 1742இல் திறந்த பொது மருத்துவமனைக்கு உட் வரைபடமும் ஆலன் கல்லும் நாஷ் நன்கொடையும் தந்தனர். மூவரின் பெருமைக்கும் அது சான்று. ஆயினும் வெளியூர் நோயாளிகளுக்கென்றே எழுந்த அம்மனையில், வெந்நீர் ஊறும் அவ்வூரின் ஏழைகளுக்குத் தொடக்கத்தில் இடமில்லை. வெளியூரார் சேரும்போது முன்பணம் கட்டவேண்டும்: ஊர் திரும்பும் செலவுக்கு, அல்லது அடக்கச் செலவுக்கு.

பணம் வந்த வழியும் பின்புறமே. பாத் நகருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் மேற்கிலுள்ள பிரிஸ்டல், அடிமை வாணிகத்தில் இங்கிலாந்தின் முதன்மைத் துறைமுகங்களுள் ஒன்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகள் ஓய்வு கொள்ளவும் மகளுக்கு மணம் பேசவும் இங்கு வந்தனர். நகருக்கு மேலே லான்ஸ்டவுன் மேட்டில் 1827இல் கோபுரம் எழுப்பிய வில்லியம் பெக்ஃபோர்டின் செல்வம் ஜமைக்காத் தோட்டங்களிலிருந்து வந்தது. பெருங்கோயிலின் சுவர்களில் அறுநூறுக்கு மேற்பட்ட நினைவுக் கற்கள் நெருங்கிப் பதிந்துள்ளன. தோட்ட முதலாளிகளும் கிழக்கிந்தியக் கம்பெனியாரும் அவற்றில் பலர். 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, ஈட்டுத்தொகையாக 2 கோடி பவுன் வழங்கப்பட்டது. பெற்றவர் அடிமைகள் அல்லர். அவர்களை உடைமையாக வைத்திருந்தோர். அவர்களுள் பாத் நகரவாசிகளும் இருந்தனர். அடிமை வாணிக ஒழிப்பிற்கு உழைத்த வில்பர்ஃபோர்ஸ் 1797இல் மணம் புரிந்ததும் இதே ஊரில்தான். ஊர்கள் இவ்வாறு இருபுறமும் சான்று வைத்திருக்கும்.

கடனில் கட்டிய நகரம் கடனில் நின்றது. 1793இல் பிரான்சோடு போர் மூண்டதும் பாத் நகர வங்கி முறிந்தது. கட்டடக்காரர் வரிசையாக நொடித்தனர். நகரின் கட்டடக் கலைஞராயிருந்த தாமஸ் பால்ட்வின் அவர்களுள் ஒருவர். இராபர்ட் ஆடம் வரைந்த புல்ட்னி பாலத்தைக் கடந்து செல்வோர், அகன்று நீண்ட புல்ட்னி பெருந்தெருவின் இருமருங்கும் சில அடி நீளமே உள்ள கிளைத்தெருக்களைக் காண்பர். தொடங்கும் முன்பே பணம் தீர்ந்த தெருக்கள் அவை. வடக்குச் சரிவிலுள்ள கேம்டன் பிறையோ மண்சரிவால் ஒருபுறம் கட்டப்படாமலே நின்றது. அதனால் நடுவில் இருக்கவேண்டிய முகடு இன்று ஓரத்தை நோக்கி ஒதுங்கியுள்ளது. நிறைவு பெற்ற அரசப்பிறையைவிட இக்குறைப்பிறையே நகரின் வரலாற்றை உண்மையாகச் சொல்கிறது எனலாம்.

மூன்று விண்மீன்

19ஆம் நூற்றாண்டில் உயர்குடியினர் கடற்கரை ஊர்களை நாடினர். பாத் ஓய்வு பெற்றோரின் அமைதியான ஊராயிற்று. 1801 முதல் 1806 வரை அங்கு வாழ்ந்த ஜேன் ஆஸ்டின், அவ்வூரைத் தம் புதினங்கள் இரண்டில் களமாக்கினார். நிலக்கரிப் புகை படிந்து பொன்னிறக் கல் கரிநிறம் கொண்டது.

1942ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் பிரித்தானிய வானூர்திகள் செருமனியின் லூபெக் என்னும் பழநகரைக் குண்டுவீசி எரித்தன. அதற்குப் பழிவாங்க, பெடெக்கர் பயண வழிகாட்டி நூலில் மூன்று விண்மீன் பெற்ற ஒவ்வோர் ஆங்கிலக் கட்டடத்தையும் அழிப்போம் என்று செருமானிய அரசின் சார்பில் ஒருவர் பேசினார். பயணிகளுக்காக எழுதிய நூல் கொலைப்பட்டியல் ஆயிற்று. ஏப்ரல் 25 தொடங்கி இரண்டு இரவுகள் பாத் நகரின் மீது குண்டு விழுந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மகன் உட் 1771இல் திறந்த அவைக்கூடங்கள் எரிந்து வெறுஞ்சுவராயின. அரசப்பிறையில் இரு வீடுகள் உள்ளே வெந்து கூடாயின. ஆனால் மிகுதியாய் இறந்தவர் பிறையில் வாழ்ந்தோர் அல்லர்; விண்மீன் எதுவும் பெறாத தெருக்களின் எளிய குடும்பத்தினர்.

போருக்குப் பின் நடந்தது இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிறையின் எரிந்த வீடுகள், பழைய முகப்பு மாறாமல், மீட்டெடுக்கப்பட்டன. அவைக்கூடங்கள் 1963இல் மீண்டும் திறந்தன. அதே காலத்தில், 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும், கைவினைஞரும் கடைக்காரரும் வாழ்வதற்காக அதே 18ஆம் நூற்றாண்டில் அதே கல்லால் கட்டிய சிறு வீடுகள் தெருத் தெருவாக இடிக்கப்பட்டன. சட்டமே அதற்கு வழிவிட்டது. பேரில்லங்கள் முதல் தரப் பட்டியலில் இருந்தன. சிறு வீடுகள் பெற்றிருந்த மூன்றாம் தரத்திற்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. எதிரி விண்மீனை எண்ணி அழித்தான். நகரத்தார் தரத்தை எண்ணி அழித்தனர். முன்னவன் உயர்ந்ததைக் குறிவைத்தான், பின்னவர் தாழ்ந்ததை என்பதே வேறுபாடு.

இடித்தவர்களின் கூற்றையும் கேட்கவேண்டும். அவ்வீடுகளில் ஈரம் ஏறியிருந்தது. பலவற்றில் குளியலறை இல்லை. குளியலின் பெயர் தாங்கிய ஊரில் ஏழைக்குக் குளியலறை வேண்டும் என்பது குற்றமன்று. ஆயினும் அரசப்பிறையின் வீடுகளும் ஈரம் ஏறியவையே, எரிந்தவையே. அவற்றைச் செப்பனிட முடிந்தது. செப்பனிடத் தகுந்தது எது, இடிக்கத் தகுந்தது எது என்னும் தீர்ப்பு, கல்லின் நிலையை நோக்கி எழுதப்படவில்லை. 1973இல் ஆடம் பெர்குசன் 'பாத் நகரச் சூறை' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். இடிக்கப்பட்ட தெருக்களின் நிழற்படங்களோடு வந்த அந்நூல் நாட்டை உலுக்கியது. இடிப்பு மெல்ல நின்றது. ஊரை மாற்ற ஒரு சிறு நூல் போதும் என்பதற்கு எழுதுவோர் எடுத்துக்காட்டத்தக்க நிகழ்ச்சி இது.

அதே பத்தாண்டில் நடந்த மற்றொரு வழக்கையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். அரசப்பிறையில் ஓர் அம்மையார் தம் வீட்டுக் கதவுக்கு, மற்றவை எல்லாம் வெள்ளையாயிருக்க, மஞ்சள் வண்ணம் பூசினார். நகரவை அறிக்கை அனுப்பியது, விசாரணை நடந்தது, அமைச்சர்வரை சென்றது. அம்மையாரே வென்றார். ஒரு கதவின் நிறத்திற்காக இத்தனை முயற்சி; தெருக்கள் மறைந்தபோது அதில் பாதியும் இல்லை.

1978இல் ஊற்று நீரில் இருந்த நுண்ணுயிரால் ஒரு சிறுமி இறந்ததை அடுத்து, நீராடல் முற்றும் நிறுத்தப்பட்டது. குளியல் நகரில் இருபத்தெட்டு ஆண்டுகள் எவரும் வெந்நீரில் இறங்கவில்லை. புதிய நீராடு மனை 2006இல்தான் திறந்தது. 1987இல் யுனெஸ்கோ நகரம் முழுவதையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2021இல் ஐரோப்பாவின் பதினொரு ஊற்று நகரங்களுள் ஒன்றாக மீண்டும் சேர்த்தது. புகைக்கரி கழுவப்பட்டுக் கல் தன் நிறத்தைத் திரும்பப் பெற்றுவிட்டது.

கல் பிறந்த கூம் டவுன் மேட்டின் அடியில் மட்டும் வேறு கதை. ஆலன் காலம் தொட்டுக் குடைந்த சுரங்கங்கள், மேலே எழுந்த வீடுகளின் கீழ் வெறுமையாகக் கிடந்தன. தாங்கிய கல்தூண்கள் மெலிந்திருந்தன. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நுரைக் கான்கிரீட்டைப் பெருமளவில் உள்ளே செலுத்தி அவ்வெறுமையை நிரப்பினர். அங்குக் குடியிருந்த குதிரைலாட வௌவால்களுக்காகச் சில வழிகளை அடைக்காமல் விட்டனர்.

சர்க்கஸின் வடக்கே, சில நிமிட நடையில், ஜூலியன் சாலை வருகிறது. பயணக்கூட்டங்கள் அப்பக்கம் திரும்புவதில்லை. பழைய பாலன்ஸ் தெருவின் சிறு வீடுகள் நின்ற இடத்தில் 1970களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. கீழே துணி உலர்கிறது, பிள்ளைகள் பந்து விளையாடுகின்றனர். அருகே, 1777இல் செல்வர் பந்தாடக் கட்டிய கூடம் ஒன்று, 1978 முதல் அவ்வூர்த் தொழிலாளர் வாழ்வைக் காட்டும் காட்சியகமாக உள்ளது. மூடப்பட்ட ஒரு பட்டறையின் கருவிகள் அனைத்தும், ஆணியும் திருகும்கூட, அங்குக் கொண்டுவந்து அடுக்கப்பட்டிருக்கின்றன.